திரும்பாத லாரி

அத்தியாயம் 6

தலைகுப்புற ஏரிக்குள் பாய்ந்த லாரியில் சாராய பாட்டில் மட்டும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதுவும் ஒரு சொட்டு சிந்தாமல், பாதி நிறைய.

போலீஸ் அறிக்கையைப் படித்தபோது துப்பறியும் தெய்வசிகாமணிக்கு முதலில் உறுத்தியது அதுதான். கண்ணாடி நொறுங்கியிருந்தது. கூரை நசுங்கியிருந்தது. ஓட்டி வந்த அருளப்பன் ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதிச் செத்துப்போயிருந்தான். பாட்டில் மட்டும் சீட்டுக்குப் பக்கத்தில், யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனதுபோல நின்றது. போலீஸார் அதைப் பார்த்தவுடனே வழக்கை முடித்துவிட்டார்கள். டிரைவர் குடித்திருந்தான், கூட்டேரிப்பட்டு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"எங்க அண்ணனைவிட அந்த பாட்டில் நல்லா வண்டி ஓட்டியிருக்கு சார்," என்றான் சவுரிராயன். "அதுக்கு லைசென்ஸ் குடுத்திருக்கலாம்."

லாரியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் இதைச் சொன்னான். தெய்வசிகாமணி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

சவுரிராயன் அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருஷம். தெய்வசிகாமணி தம் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து, விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே மாடியறையில் போர்டு மாட்டிய நாளிலிருந்து கூடவே இருப்பவன். ஜீப், லாரி, எது கிடைத்தாலும் ஓட்டுவான். யாரைப் பார்த்தாலும் கிண்டல் பேசுவான். செத்துப்போன அருளப்பன் அவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே வேலைக்கு வந்து நின்றான். "சார், இந்தக் கேஸை நாம எடுத்துக்கலாம். கட்சிக்காரன் நான்தான்," என்றான்.

மெக்கானிக் பாண்டுரங்கனின் ஒர்க்‌ஷாப்புக்கு லாரியைக் கட்டியிழுத்து வந்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலம்விட்ட வண்டி அது. சவுக்குக் கான்டிராக்டர் ராஜாங்கம் எடுத்திருந்தார். மரக்காணம் கடற்கரைத் தோப்புகளிலிருந்து மணலில் கட்டை ஏற்றி வரவேண்டும் என்பதால் பாண்டுரங்கன்தான் அதைப் பிரித்து மாற்றிக் கட்டியிருந்தார். பின் அச்சுக்கு ஒரு லாக் வைத்ததும் அவர்தான்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க," என்றார் தெய்வசிகாமணி.

பாண்டுரங்கன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி திரும்பறப்ப வெளிப்பக்கத்துச் சக்கரம் வேகமா சுத்தணும், உள்பக்கத்துது மெதுவா சுத்தணும். அதுக்கு எடம் குடுக்கறதுதான் நடுவுல உருண்டையாத் தொங்குற டிபரன்ஷியலுங்க. ஆனா மணல்ல அதுவே பேஜாரு. ஒரு சக்கரம் பொதைஞ்சு சும்மா சுத்திக்கினு இருந்தா, இன்னொண்ணு அசையாது. அதுக்குத்தான் லாக்கு. டிரைவர் பக்கத்துல இருக்குற கம்பியை இழுத்தா ரெண்டு சக்கரமும் ஒண்ணாவே சுத்தும். தார் ரோட்டுக்கு வந்ததும் தள்ளிடணும்."

"தள்ளலேன்னா?"

"வண்டி திரும்பாதுங்க. பாரம் வேற இருந்தா, ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் நேராத்தான் போவும்."

"இப்ப கம்பி எப்படி இருக்கு?"

"தள்ளித்தான் இருக்கு. போலீசும் பாத்தாங்க." பாண்டுரங்கன் குரல் தாழ்ந்தது. "நான் போட்ட லாக்குதான் ஆளைக் கொன்னுதுன்னு ஊரெல்லாம் பேசிக்கினு இருக்காங்க. எம் பொழப்பே போச்சுங்க."

தெய்வசிகாமணி தரையில் கிடந்த அச்சுக் கம்பியைத் தூக்கினார். பின் சக்கரத்துக்குப் போகும் கம்பி, நடுவில் ஒடிந்திருந்தது. விழுந்த அதிர்ச்சியில் ஒடிந்தது என்று போலீஸார் சொல்லியிருந்தார்கள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். ஒரு முறை அல்ல, இரண்டு மூன்று முறை.

"சவுரி, கரும்பு திங்கறப்ப ரெண்டு கையால திருகி ஒடிப்பியே, பாத்திருக்கியா?"

"தின்னே பாத்திருக்கேன் சார்."

"இதப் பாரு. விழுந்து ஒடிஞ்சிருந்தா வளைஞ்சு ஒடிஞ்சிருக்கும். இது முறுக்கிக்கினு ஒடிஞ்சிருக்கு. ரெண்டு சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நின்னிருக்கு. ஏரியில விழறதுக்கு முன்னாலயே, ரோட்டுமேலயே ஒடிஞ்சது இது. டிரைவர் பக்கத்துக் கம்பி எப்படி இருந்தா என்ன, லாக் விழுந்துதான் இருந்திருக்கு."

லாரிக்கடியில் சவுரிராயன் கை எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது.

"சார், இங்க வந்து பாருங்க. மத்த எடத்துல எல்லாம் சேறு தெறிச்சிருக்கு. இங்க மட்டும் பூசியிருக்கு. வெரல் தடம் தெரியுது."

தெய்வசிகாமணி வேட்டி அழுக்காகும் என்று பார்க்காமல் தரையில் படுத்தார். டிபரன்ஷியல் உருண்டைக்குப் பக்கத்தில் லாக்கைப் போட்டு எடுக்கும் சின்னக் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் அப்பியிருந்த களிமண்ணைச் சவுரிராயன் நகத்தால் பெயர்த்தான். உள்ளே மரம். சவுக்குக் கட்டையில் செதுக்கிய ஆப்பு, அந்தக் கை விலகவே முடியாதபடி இறுக்கி அடிக்கப்பட்டிருந்தது. டிரைவர் பக்கத்திலிருந்து வரும் கம்பிக்கும் அந்தக் கைக்கும் நடுவே செருகியிருக்கவேண்டிய இரும்புப் பின்னைக் காணோம். கம்பி ஒரு கயிற்றுத் துண்டில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து தள்ளுகிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்த விளக்கை எடுத்து வந்து பாண்டுரங்கனும் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கை இங்க இருக்குன்னு யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"நான், அருளப்பன், ராஜாங்கம் மொதலாளி. மூணு பேருக்குத்தாங்க. நாந்தான் காட்டினேன்."

"எங்க அண்ணன் தனக்குத்தானே ஆப்பு அடிச்சிக்கினு இருக்க மாட்டான்," என்றான் சவுரிராயன், வெளியே வந்து. ஆப்பு அவன் கையில் இருந்தது. "பாண்டுரங்கண்ணன் அடிச்சிருந்தா லாரியைத் தன் எடத்துக்கே இழுத்துக்கினு வந்து நமக்குத் தொறந்து காட்டிக்கினு இருக்க மாட்டாரு."

காரணம் அவர்களுக்கு முன்பே தெரியும். மரக்காணம் கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மணி என்ற மீனவப் பெண், ராஜாங்கத்தின் லாரி ஏறிச் செத்திருந்தாள். அன்றைக்கு ஓட்டியது ராஜாங்கமே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருளப்பன் ஒருவன்தான் சாட்சி. திண்டிவனம் கோர்ட்டில் சொல்லப்போகிறேன் என்று அவன் எல்லோரிடமும் வெளிப்படையாகவே சொல்லியிருந்தான். சொல்ல வேண்டிய வாரத்தில்தான் லாரி ஏரிக்குள் போயிற்று.

"கோர்ட்டுல இந்த ஆப்பு நிக்காது," என்றார் தெய்வசிகாமணி. "சவுக்கு டிப்போவுல சவுக்குக் கட்டை யார் வேணும்னாலும் செதுக்கலாம். ஆனா இந்த ஆப்பு இருக்குறது நம்ம மூணு பேருக்கும் அடிச்சவனுக்கும்தான் தெரியும். போலீசுக்குக்கூடத் தெரியாது. ராஜாங்கத்தோட ஜீப்புலயும் இதே லாக் இருக்கு இல்ல?"

"இருக்குங்க. அதுவும் நான் போட்டதுதான்," என்றார் பாண்டுரங்கன்.

தெய்வசிகாமணி தம் யோசனையைச் சொன்னார். ராஜாங்கத்தை அவர் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போகவேண்டும். புறப்படும் முன் சவுரிராயன் ஜீப்பின் கம்பியைக் கழற்றிவிட்டு, லாக் கையை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டி, கயிற்றின் நுனியைத் தன் காலடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முதல் வளைவில் டயர் கத்தும். கம்பியோ தள்ளியே இருக்கும். ஒன்றும் அறியாதவன் டயரைப் பற்றிக் கேட்பான். அறிந்தவன் வேறெதையாவது கேட்பான். அடுத்த நிமிஷமே கயிற்றை உருவி லாக்கை அவிழ்த்துவிட வேண்டும்.

"நல்ல யோசனை சார்," என்றான் சவுரிராயன், ஆப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.

ராஜாங்கத்தின் டிப்போ விழுப்புரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்தது. ஆள் உயரமாக, வாட்டசாட்டமாக, கழுத்தில் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெய்வசிகாமணிக்குக் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார்.

"பிரேக்தான்னு முடிவு பண்ணிட்டேன்," என்றார் தெய்வசிகாமணி. "வண்டி விழுந்த எடத்தை ஒருதரம் நீங்க காட்டிட்டா என் வேலை முடிஞ்சுது."

ராஜாங்கத்தின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன சார், ஜீப்புலயே போயிடலாம். ஆனா நான் ஓட்டக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

"என் ஆள் ஓட்டுவான். வாய் நீளம். கை சுத்தம்."

முற்றத்தில் ஜீப்புக்கடியிலிருந்து சவுரிராயன் எழுந்து வந்தான். முழங்காலில் புழுதி. "எண்ணெய் பாத்தேன் மொதலாளி. ஜம்முனு இருக்கு," என்றவன், தெய்வசிகாமணியிடம் திரும்பி, "நீங்க பஸ்ஸுல வாங்களேன் சார். ஜீப்புல உங்க முதுகு ஒடிஞ்சுடும்," என்றான்.

வழக்கமான கிண்டல் என்று நினைத்து அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

விக்கிரவாண்டி தாண்டும் இடத்தில் ரோடு லேசாக வளைகிறது. அங்கே டயர்கள் கத்தின. ஜீப்பின் பின்பக்கம் ரோட்டோடு முரண்டு பிடித்தது. தெய்வசிகாமணி ராஜாங்கத்தின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் டயரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தார். அது தள்ளியே இருந்தது. உடனே குனிந்து தரையைப் பார்த்தார். பவுடருக்கு நடுவே வியர்வை கோடு கோடாக இறங்கிற்று.

"நிறுத்துப்பா," என்றார். "அடியில பாரு. எவனோ ஆப்பு வெச்சி..." அதோடு வாயை மூடிக்கொண்டார்.

"என்ன ஆப்பு, மொதலாளி?" என்று பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார் தெய்வசிகாமணி. "டயர் கத்தினா ஆப்புதான்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

தெய்வசிகாமணிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இரையைப் பிடித்த நிம்மதியோடு சாய்ந்துகொண்டு, "போதும் சவுரி. கயித்தை உருவு," என்றார்.

ஜீப்பின் வேகம் கூடியது.

"சவுரி. கயிறு."

"கயிறு இல்லிங்க சார்," என்றான் சவுரிராயன். ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆப்புதான். அதே ஆப்பு. இறுக்கி அடிச்சிருக்கேன். இனிமே கழட்ட சுத்தி வேணும்."

குற்றவாளியைப் பற்றித் தெய்வசிகாமணி போட்ட கணக்கு சரியாக இருந்தது. தம் ஆளைப் பற்றிப் போட்ட கணக்குதான் தப்பிவிட்டது. இந்த நாலு வருஷத்தில் அவன் எத்தனையோ கிண்டல் பேசியிருக்கிறான். இப்போது குரலில் அது ஒரு துளியும் இல்லை.

"மொதலாளி," என்றான் சவுரிராயன், பக்கத்தில் இருந்தவரிடம். "நான் யாருன்னு கேக்கவே இல்லியே நீங்க. அருளப்பன் எங்க அண்ணன்."

ராஜாங்கம் கதவில்லாத பக்கமாக வெளியே பார்த்தார். குதித்தால் பிழைக்க முடியாத வேகம். இரு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நேரா ரோடு," என்றான் சவுரிராயன். "கூட்டேரிப்பட்டு வரைக்கும் நேராத்தான் போவும். அந்தப் பக்கத்துலேருந்து இப்பிடித்தான் அவனும் வந்திருப்பான். எங்க அண்ணிகிட்ட சோறு தின்னுட்டு, வெத்தலை போட்டுக்கினு, ஒண்ணும் தெரியாம. நீங்க எங்க வெச்சி ஆப்பு அடிச்சீங்க?"

"நிறுத்துப்பா. சொல்றேன், நிறுத்து."

"சொல்லுங்க. வண்டி பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்."

ராஜாங்கம் சொன்னார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு மடை திறந்த மாதிரி. திண்டிவனத்தில் அருளப்பன் வீட்டு வாசலில் லாரி நின்றபோது, அவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடியில் புகுந்து ஆப்பை அடித்ததை. மண் பூசியதை. லாரிக்குப் பின்னாலேயே ஜீப்பில் வந்ததை. லாரி ஏரிக்குள் போனதும் இறங்கிப்போய்ப் பாட்டிலை வைத்ததை.

"அப்ப உசுரு இருந்துச்சா?" என்று கேட்டான் சவுரிராயன்.

ராஜாங்கம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத் தெய்வசிகாமணியாலும் தாங்க முடியவில்லை. முன்சீட்டிலிருந்த அந்தக் கழுத்தைத் தம் கையாலேயே நெரித்துவிடலாமா என்று ஒரு கணம் அவருக்கே வெறி வந்தது. அதை அடக்கிக்கொண்டு, போலீஸ்காரனாக இருந்த காலத்துக் குரலில் கேட்டார்.

"கழட்டின பின்னு எங்க?"

"அங்கியே. வாசல்ல இருக்குற பூவரச மரத்துப் பொந்துல போட்டேன். கையில வெச்சிக்கப் பயமா இருந்துச்சு."

தூரத்தில் மயிலம் மலை தெரிந்தது. அதற்கு இப்பால் கூட்டேரிப்பட்டுக் கடைகள். கடைகளுக்கு முன்னே ரோடு வலதுபுறம் வளைகிறது. வளைவின் இடதுபுறம் ஏரிக்கரை, வெயிலில் தண்ணீர் பளபளத்தது. ராஜாங்கம் சாமி பெயர்களாகச் சொல்லத் தொடங்கினார். சவுரிராயனின் கால் இன்னும் தளரவில்லை. அவன் தாடை இறுகியிருந்தது. கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது, அதில் எதுவுமே இல்லை.

வீட்டில் மனைவி விசாலாட்சி சோறு வடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்ற நினைப்பு தெய்வசிகாமணிக்கு வந்தது. எதுவும் சொல்லி இவனை நிறுத்த முடியாது என்றும் தெரிந்தது. கையை நீட்டி அவன் தோளில் வைத்தார். அழுத்தவில்லை. வெறுமனே வைத்தார்.

பிரேக் கதறியது. ஜீப் துள்ளிக் குலுங்கி, பின்பக்கம் ஒதுங்கி, நேராகவே போக முரண்டியது. சவுரிராயன் எழுந்து நின்று ஸ்டியரிங்கைத் தன் உடம்போடு சேர்த்துத் திருப்பினான். அடியில் வேட்டு வெடித்த மாதிரி அச்சுக் கம்பி ஒடிந்தது. பிடிப்பு விட்ட ஜீப் அரைவட்டம் சுற்றி, முன் சக்கரம் ஒன்று ஏரிக்கரையைத் தாண்டி அந்தரத்தில் தொங்க, நின்றது.

ராஜாங்கம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

தெய்வசிகாமணி இறங்கிச் சவுரிராயன் எதிரே போய் நின்றார். குரலை அடக்கிக்கொண்டார். "நான் பின்னால உக்காந்துக்கினு இருந்தேன்டா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"அதனாலதான் சார் திருப்பினேன்," என்றான் சவுரிராயன். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பஸ்ஸுல வந்திருக்கலாம்," என்றான்.

அவனை அடிக்க ஓங்கிய கையை அவர் இறக்கிக்கொண்டார். அடித்தால் அழுதுவிடுவான் போலிருந்தது. அழுதால் தாமும் உடைந்துவிடக்கூடும் என்று தோன்றியது.

திண்டிவனத்துக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தி மூன்று பேரும் ஏறினார்கள். ராஜாங்கம் நடுவில். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணிக்குப் பழக்கமானவர்.

"ஜீப்புல மிரட்டி வாங்கின வாக்குமூலம் நிக்காது, அது உங்களுக்கே தெரியும்," என்றார் அவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"வாக்குமூலத்தை விடுங்க. பின்னு எங்க இருக்குன்னு உங்ககிட்ட சொல்றாரா பாருங்க. அவரே கூட்டிக்கினு போய்க் காட்டி எடுத்தா, அது கோர்ட்டுல நிக்கும்."

ராஜாங்கத்துக்கு எதிர்த்துப் பேசும் தெம்பு மிச்சமில்லை. காட்டுகிறேன் என்றார்.

ஊர் ஓரத்தில், மாதா கோவிலைத் தாண்டி, மண்சுவர் வீடுகளின் வரிசையில் இருந்தது அருளப்பனின் வீடு. போலீஸைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. வாசலில் அருளப்பனின் பெண்சாதி சவுரியம்மாள் நின்றாள். புருஷன் யுத்தத்துக்குப் போய் வந்தவன், குடியைத் தொடாதவன். அவன் குடித்துவிட்டு விழுந்தான் என்று புதைத்த நாளில் கல்லறைத் தோட்டத்திலேயே அவள் காதுபட முணுமுணுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

பூவரச மரத்தின் பொந்துக்குள் ராஜாங்கம் கையை விட்டார். எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த இரும்புப் பின் வெளியே வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டார். தெய்வசிகாமணி சவுரியம்மாளிடம் போய், நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். அவள் அழவில்லை. கேட்டு முடித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ராஜாங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

கான்ஸ்டபிள் குறுக்கே வரப் பார்த்தான். தெய்வசிகாமணி தலையசைத்து அவனை நிறுத்தினார்.

"அவரு குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

ராஜாங்கம் தரையைப் பார்த்து, "இல்ல," என்றார்.

"எனக்குச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்லுங்க." தெருவைக் காட்டினாள்.

"அருளப்பன் குடிக்கல," என்றார் ராஜாங்கம்.

"பாட்டிலு?"

"நான் வெச்சது."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

ராஜாங்கம் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சவுரிராயன் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றான்.

"அருளப்பன் குடிக்கல. பாட்டில் வெச்சது நான். ஆப்பு வெச்சதும் நான்," என்று ராஜாங்கம் சத்தமாகவே சொன்னார். குரல் உடைந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். முணுமுணுத்த வாய்கள் எல்லாம் மூடியிருந்தன.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். சவுரியம்மாள் அசையவில்லை.

"இன்னொரு தடவ," என்றாள்.